வடத்துக்கும் உண்டு வைத்தியம்!

மழைக்காலத்தில் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்ட லாரியை, ரெக்கவரி வண்டி மேலே இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டியில் உருளை ஒன்று சுழலும். அதில் சுற்றியிருக்கும் கம்பி வடம்தான் லாரியை இழுக்கிறது. உருளைப் பொறிக்குப் பெயர் வின்ச். பழனி மலைக்குப் போய் வந்த பிள்ளைகளுக்கு இந்தச் சொல் புதிதல்ல!

வடம் ஒரே தடித்த கம்பி போலத் தெரியும். அப்படியல்ல. மெல்லிய எஃகுக் கம்பிகள் பலவற்றை முறுக்கினால் ஒரு புரி. புரிகள் சிலவற்றைச் சேர்த்து முறுக்கினால் வடம். தேங்காய் நார்க் கயிறு திரிப்பது போலத்தான். ஜெர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் அதிகாரியாக இருந்த வில்ஹெல்ம் ஆல்பர்ட், 1834ல் இப்படி ஒரு வடம் செய்து பயன்படுத்தினார். அதில் 3 புரிகள். புரிக்கு 4 இரும்புக் கம்பிகள். அதற்கு முன் சங்கிலியை நம்பியிருந்தார்கள். சங்கிலியில் ஒரு வளையம் விட்டுப்போனால் எல்லாம் போச்சு! வடத்தில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை தாங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்த ஒரு கம்பியைக் கண்டுபிடிக்க வேண்டுமே! வேலை முடிந்ததும் வடத்தை வெளியே இழுத்துச் சேற்றைக் கழுவுவார்கள். பிறகு கந்தல் துணியை அதன்மேல் மெல்ல ஓட்டினால், அறுந்த நுனி துணியில் மாட்டும். ஊசிபோல் குத்தும் என்பதால் தோல் கையுறை கட்டாயம். ஈரம் காய்ந்ததும் எண்ணெய். துருப் பிடிக்காமல் காப்பதோடு, உள்ளே கம்பியும் கம்பியும் உரசித் தேயாமலும் அது பார்த்துக்கொள்கிறது.

வடம் ஓரிடத்தில் மடங்கி முறுக்கிக்கொண்டால்? தட்டி நேராக்கலாம், போன பலம் திரும்பாது. நுனிக்குப் பக்கத்தில் என்றால் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் பட்டறையில் புதுக் கண்ணி அமைப்பார்கள். நடுவில் என்றால் வடத்தையே மாற்ற வேண்டும். முடிச்சுப் போட்டு ஒப்பேற்றுவது பேராபத்து.

ஏன் தெரியுமா? பாரம் இழுக்கும்போது வடம் சற்றே நீள்கிறது. அந்த நேரத்தில் அறுந்தால் சாட்டைபோல் சீறி வரும். காலில் பட்டால் எலும்பு முறியும், உயிரே போகலாம். விவரம் தெரிந்த ஓட்டுநர்கள் வடத்தின் நடுவில் கனமான சாக்கைப் போட்டுவிட்டுத்தான் இழுப்பார்கள். வேடிக்கை பார்க்கும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 20 மீட்டர் வடம் நீண்டிருந்தால் 30 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். வடத்தைத் தாண்டவே கூடாது.

ஒரு சோதனை செய்யுங்களேன். தம்பியைப் பென்சிலை உருளாமல் பிடிக்கச் சொல்லி, அதில் நூலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு நுனியை லேசாகப் பிடித்து மறுநுனியை இழுத்தால் வழுக்கும். 5 சுற்றுச் சுற்றி இழுத்தால் நகர மறுக்கும். வின்ச் உருளையிலும் இதே கதைதான். வடத்தை எவ்வளவு தூரம் இழுத்தாலும், கடைசி 5 சுற்றுகளையாவது அவிழ்க்காமல் விடுவார்கள். பாரத்தைத் தாங்குவது வடத்தின் நுனியைப் பூட்டிய திருகாணி அல்ல. இந்தச் சுற்றுகளின் பிடிப்பு!

இப்போது செயற்கை இழைக் கயிறுகளும் வந்துவிட்டன. எடை குறைவு, அறுந்தாலும் எஃகு அளவுக்குச் சீறாது. அறுந்த இடத்தில் இழைகளைப் பின்னி இணைத்தும் விடலாம். இவற்றின் எதிரிகள் வேறு: வெயில், சூடு, மணல். இழைக்குள் புகுந்த மணல் அரம்போல் அறுக்கும். அதனால் இதற்கு எண்ணெய் வைத்தியம் கிடையாது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுகிறார்கள்.