ஆப்பசோடாவும் அக்ரோபோராவும்

எட்டாவது மாடித் தம்பி கதவைத் தட்டியபோது அவன் கையில் பாதி காலியான கால்சியம் பாட்டில் இருந்தது. எங்கள் புளோக்கில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஆரம்பித்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது, அவன் ஆரம்பித்து ஒன்றரை வருடம். அந்தக் கணக்கில் நான் அவனுக்கு வாத்தியார். என் வாத்தியார்கள் எல்லாரும் நான் கொன்ற பவளங்கள்.

“ரெண்டு வாரமா ஊத்துறேன் அண்ணே. கால்சியம் 480க்குப் போயிடுச்சு. பவளம் மட்டும் வளரவே மாட்டேங்குது. நிறமும் மங்குது.”

“கே.எச். எவ்வளவு?”

“அது பாக்கல. கால்சியம்தானே எலும்புக்கு?”

பால்மாவு விளம்பரம் பார்த்து வளர்ந்தவர்கள் வேறெப்படி நினைப்பார்கள்? கீழே காப்பிக் கடையில் இரண்டு தே ஹாலியா வாங்கிக்கொண்டு, அப்படியே உன் தொட்டித் தண்ணீரும் ஒரு சின்ன போத்தலில் எடுத்து வா என்று அனுப்பினேன். சிங்கப்பூரில் இஞ்சித் தேநீரைப் பாக்கெட்டில் கட்டிக் கொடுப்பார்கள். அதைக் கோப்பையில் ஊற்றி ஆறவிட்டு, சோதனைக் கிட்டை எடுத்தேன்.

ஊசிக்குழலில் தொட்டித் தண்ணீர் 5 மில்லி. அதில் நிறங்காட்டி விட்டதும் நீலமாயிற்று. பிறகு அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் மெல்லப் பச்சையாகி, ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளுக்குப் போகும். எத்தனை அமிலம் தாங்கியது என்பதுதான் கணக்கு. அவன் தண்ணீர் சீக்கிரமே மஞ்சளாகிவிட்டது: 5.6 டிகிரி. திறந்த கடலில் ஏறத்தாழ 7 இருக்கும். நாம் தொட்டியில் 8 அல்லது 8.5 வைத்துக்கொள்வது வழக்கம்.

இந்த கே.எச்.தான் அல்கலினிட்டி. பாடப்புத்தகத்தில் காரத்தன்மை என்று போட்டிருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டதும் பலர் இதை பி.எச். என்று நினைத்துக் குழம்பிவிடுகிறார்கள். பி.எச். என்பது இந்த நிமிடம் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பது. கே.எச். என்பது அமிலம் வந்தால் ஈடுகொடுக்க எவ்வளவு கையிருப்பு இருக்கிறது என்பது. கடல்நீரில் அந்தக் கையிருப்பில் பெரும்பங்கு பைகார்பனேட். பவளத்துக்கு வேண்டியதும் அதுதான்.

பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட். கிளிஞ்சலும் அதே சரக்கு. பவளம் ஒரு கால்சியத்தையும் இரண்டு பைகார்பனேட்டையும் எடுத்து அதைக் கட்டுகிறது. இந்த விகிதம் அதிகம் மாறாது. மான்கொம்பு மாதிரி கிளைவிடும் அக்ரோபோராவுக்கும், கண்ணாடியில் ரோஸ் நிறத்தில் படரும் சுண்ணப்பாசிக்கும், ராட்சதச் சிப்பிக்கும் ஒரே சமையல் குறிப்பு. சோதனைக் கிட்டின் மொழியில் சொன்னால், கே.எச். 1 டிகிரி செலவானால் கால்சியம் ஏறத்தாழ 7 பி.பி.எம். செலவாகும்.

“இப்ப கவனி. உன் தொட்டியில கே.எச். 8, கால்சியம் 420ன்னு வச்சுக்குவோம். பவளம் 4 டிகிரி சாப்பிட்டாச்சு. கே.எச். பாதியா குறைஞ்சுபோச்சு. கால்சியம் எவ்வளவு இருக்கும்?”

அவன் விரலை மடக்கினான். “நாலேழு இருபத்தெட்டு. 392.”

“உன் கிட்டுல அது எப்படித் தெரியும்?”

கால்சியம் கிட்டில் ஒரு சொட்டுக்கே பத்து இருபது பி.பி.எம். வித்தியாசம் வரும். 392ஐப் பார்த்து, பரவாயில்லை, நானூறு ஒட்டி இருக்கிறது என்று நாம் மூடி வைத்துவிடுவோம். அதற்குள் பவளம் பாதிப் பட்டினி. கால்சியம் வங்கியில் போட்ட வைப்புத்தொகை மாதிரி, கே.எச். சட்டைப்பையில் இருக்கும் சில்லறை. தினசரிச் செலவு இரண்டிலிருந்தும் போகிறது, ஆனால் முதலில் காலியாவது சட்டைப்பைதான். தம்பி இரண்டு வாரமாக வங்கியில் பணம் கட்டிக்கொண்டிருந்தான். அவன் பவளத்திடம் பஸ்ஸுக்குக் காசில்லை.

கால்சியம் பாட்டிலை மூடி அலமாரியில் வைக்கச் சொன்னேன். கே.எச். ஏற என்ன வாங்க வேண்டும் என்று கேட்டான். எழுந்து போய் எங்கள் அடுப்படியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து மேசையில் வைத்தேன்.

“ஆப்பசோடாவா?”

ஆப்பசோடாதான். சோடியம் பைகார்பனேட். கடையில் அழகான பாட்டிலில் விற்கும் கே.எச். திரவங்கள் பலவற்றிலும் இதுவோ இதன் அண்ணன் சோடியம் கார்பனேட்டோதான் இருக்கிறது. ஆனால் பேக்கிங் பவுடரை எடுத்துவிடக் கூடாது. அதில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து, சோடியம் பைகார்பனேட் மட்டும் என்றிருந்தால் வாங்கலாம்.

அளவு எளிது. 100 லிட்டர் தண்ணீரில் கே.எச். 1 டிகிரி ஏற 3 கிராம். தம்பியின் தொட்டியில் கல்லும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர். ஆகவே 1 டிகிரிக்கு 6 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள். ஒரு தம்ளர் ஆர்.ஓ. தண்ணீரில் நன்றாகக் கரைத்து, பம்ப் வேகமாகத் தள்ளும் இடத்தில் மெல்ல விடு. ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல் ஏற்றாதே. இதை மட்டும் இரண்டு முறை சொன்னேன். குறைந்த கே.எச்.சில் பவளம் வாரக்கணக்கில் முனகிக்கொண்டே உயிரோடு இருக்கும். ஒரே ராத்திரியில் 6லிருந்து 10க்கு ஏற்றினால் அக்ரோபோராவின் நுனித் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். பட்டினி கிடந்தவனுக்கு முதல் நாளே விருந்து வைக்கக் கூடாது.

இந்த ஆப்பசோடாவையே தட்டில் பரப்பி ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால் நீரும் கரியமில வாயுவும் வெளியேறி சோடியம் கார்பனேட் ஆகிவிடும். எடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். அதனால் 6 கிராமுக்குப் பதில் 4 கிராம் கூட வேண்டாம், 3.8 போதும். ஆப்பசோடா பி.எச்.சைத் துளி இறக்கும், சுட்ட சோடா ஏற்றும். ஏர்கான் போட்டு ஜன்னலை இறுக்கிச் சாத்திய அடுக்குமாடி வீட்டுப் படுக்கையறையில் நாலு பேர் விடும் மூச்சுக்காற்றே தொட்டியின் பி.எச்.சை இறக்கிவிடும். அந்த மாதிரி வீட்டுக்குச் சுட்ட சோடா நல்லது. தம்பி தொட்டியை வரவேற்பறையில், திறந்த ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறான். அவனுக்குச் சுடாததே போதும்.

அடுத்த ஞாயிறு வந்தான். தேநீரும் அவனே வாங்கி வந்திருந்தான். ஆறு நாள், நாளுக்கு 6 கிராம். கே.எச். 8.6. முகம் தெளிந்திருந்தது, ஆனால் ஒரு சந்தேகம்.

“கணக்கு இடிக்குது அண்ணே. நாளுக்கு ஒரு டிகிரி போட்டேன். ஆறு டிகிரி ஏறி 11.6 வந்திருக்கணும். மூணுதான் ஏறியிருக்கு. மீதி மூணு எங்க?”

நான் பேசாமல் அவன் வீட்டுத் திசையில் கையைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்தான்.

“சாப்பிட்டுடுச்சா?”

ஆறு நாளில் 3 டிகிரி, நாளுக்கு அரை டிகிரி. அவன் தொட்டியின் தினப்படி சாப்பாடு அதுதான். இந்த எண் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் பெருக்கல் வகுத்தல். (எதுவும் ஊற்றாத தொட்டியாக இருந்தால் ஒரு நாள் அளந்து, மூன்று நாள் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளந்து, வித்தியாசத்தை மூன்றால் வகுத்தால் போதும்.) அரை டிகிரிக்கு 200 லிட்டரில் ஆப்பசோடா 3 கிராம். அதற்கு ஜோடியாகக் கால்சியம் 3.6 பி.பி.எம். வேண்டும். அது கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட்டில் 2.6 கிராம். ஒரு போத்தலில் 60 கிராம் ஆப்பசோடா, இன்னொன்றில் 52 கிராம் கால்சியம் குளோரைடு, இரண்டையும் ஆர்.ஓ. தண்ணீர் விட்டு ஒரு லிட்டராக்கு. தினமும் இதில் 50 மில்லி, அதில் 50 மில்லி. குழாய்த் தண்ணீர் நாம் குடிக்க நல்லது, ஆனால் குளோராமின் இருக்கிறது, தொட்டிக்கு ஆகாது.

கால்சியம் குளோரைடைக் கரைக்கும்போது போத்தல் கையில் இதமாகச் சூடேறும், பயப்பட வேண்டியதில்லை. ஈரத்தை உறிஞ்சும் சரக்கு அது. நம் ஊர்க் காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் கசகசத்துக் கட்டியாகிவிடும். அப்புறம் தராசு காட்டும் 52 கிராமில் எத்தனை கிராம் தண்ணீர் என்று யார் சொல்வது?

ஆனால் இப்போதைக்குக் கால்சியம் போத்தல் உனக்கு வேண்டாம் என்றேன். ஏறிக் கிடந்த 480 நாளுக்கு 3.6 வீதம் இறங்கி 420க்கு வர முதல் நாளிலிருந்து இரண்டரை வாரம் ஆகும். பவளமே இறக்கிக் கொடுக்கும். அதற்கப்புறம் ஜோடியாகப் போடு. தினமும் அளக்க வேண்டியது கே.எச். ஒன்றுதான். கால்சியம் மாதம் ஒரு முறை. மக்னீசியமும் மாதம் ஒரு முறை, 1,300 ஒட்டி இருக்கட்டும். கடல்நீரில் கால்சியம் கார்பனேட் பொதுவாகவே கரையக்கூடியதைவிட அதிகமாகத்தான் கரைந்திருக்கிறது. அது தானாகப் படிந்துவிடாமல், உருவாகும் படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு தடுப்பது மக்னீசியம். அது குறைந்தால் நீ ஊற்றுவதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் ஹீட்டருக்கும் பம்புக்கும் போகும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உப்பளவு 35 இருக்கிறதா என்று பார். அது குறைந்திருந்தால் எல்லா எண்ணும் குறைத்தே காட்டும்.

“ரெண்டையும் ஒண்ணா கலந்து ஊத்தினா வேலை மிச்சம்தானே?”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். என் இரண்டாம் வருடத்தில், அவசரமாக வெளியே கிளம்பும்போது, இரண்டு மூடியையும் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றினேன். தேநீரில் பால் விட்டதுபோல் வெள்ளைப் புகை சுருண்டு எழுந்தது. தானே கரைந்துவிடும் என்று போய்விட்டேன். இரவு திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் ஹீட்டரைத் தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்று, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியுமே, அந்தப் படிவு. பவளத்துக்குள் நடக்க வேண்டியது தண்ணீரிலேயே நடந்து முடிந்திருந்தது. ஊற்றியதும் போச்சு, தொட்டியில் இருந்த கே.எச்.சையும் இழுத்துக்கொண்டு போச்சு. பம்பைக் கழற்றி வினிகரில் ஊறவைத்துச் சுத்தம் செய்ய ஒரு நாள் பிடித்தது. இப்போது நான் ஆப்பசோடாவைக் காலையிலும் கால்சியத்தை மாலையிலும் விடுகிறேன். அரை மணி இடைவெளியே போதும் என்பார்கள். சூடு கண்ட பூனை நான்.

இந்த ஜோடி முறையில் ஒரு மிச்சம் உண்டு. கால்சியமும் பைகார்பனேட்டும் எலும்பாகப் போய்விட, துணைக்கு வந்த சோடியமும் குளோரைடும் தண்ணீரில் தங்கிவிடும். வேறொன்றுமில்லை, சாப்பாட்டு உப்பு. மாதக்கணக்கில் உப்பளவு துளித்துளியாக ஏறும், வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சரியாகிவிடும்.

மிச்சமே வைக்காத முறை ஒன்றும் இருக்கிறது. தொட்டிக்காரர்கள் அதைக் கால்க்வாசர் என்பார்கள். ஜெர்மன் சொல். தமிழில் அப்படியே சுண்ணாம்புத் தண்ணீர். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பின் சுத்தமான வடிவம்தான், கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல் கரையும், மீதி அடியில் தங்கும். வெந்நீரில் இன்னும் குறைவாகத்தான் கரையும், சர்க்கரைக்கு நேர்மாறு. தெளிந்த மேல்நீரை, தொட்டியில் ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாகச் சொட்ட விடலாம். கால்சியமும் கே.எச்.சும் பவளம் கேட்கும் அதே விகிதத்தில் சேர்ந்தே வரும். தம்பியின் தொட்டிக்கு நாளுக்கு 900 மில்லி போதும். திறந்து வைத்தால் மேலே மெல்லிய ஏடு கட்டும். காற்றிலுள்ள கரியமில வாயு அதற்குள்ளேயே சுண்ணாம்பை மறுபடி கல்லாக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். ஆனால் பி.எச். 12க்கு மேல். மொத்தமாகக் கொட்டினால் தொட்டி காலி. வீட்டில் கிடக்கும் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கலக்கலாமா என்று கேட்டான். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தாத்தாவுக்கே இருக்கட்டும் என்றேன்.

கரியமில வாயு விட்டுப் பவளத் துண்டுகளைக் கரைக்கும் கால்சியம் ரியாக்டர் பெரிய தொட்டிக்காரர்கள் சமாச்சாரம். தானாக ஊற்றும் டோசிங் பம்ப் வாங்கலாம், நான் தடுக்க மாட்டேன். ஆனால் அது ஒரு நாள் நிற்காமல் ஓடும் என்று நினைத்துக்கொண்டே வாங்கு. போத்தலில் ஒரு வாரத்துச் சரக்குக்கு மேல் வைக்காதே, முழுதும் கொட்டினாலும் சேதம் குறையும். முதல் இரண்டு மாதம் கையால்தான் விட வேண்டும். பவளம் வளர வளரச் சாப்பாடு கூடும். அதைக் கவனிக்கும் பழக்கம் கைக்கு முதலில் வரட்டும்.

“எப்ப அளக்கணும் அண்ணே? காலையிலயா, ராத்திரியா?”

எப்போது வேண்டுமானாலும், ஆனால் தினமும் அதே நேரம். விளக்கு எரியும்போது பவளம் வேகமாகக் கட்டும், இருட்டில் மெதுவாக. சோடா விட்ட அரை மணியில் பார்த்தால் கூடக் காட்டும், விடுவதற்கு முன் பார்த்தால் குறையக் காட்டும். நேரம் மாறினால் இரண்டு எண்ணை ஒப்பிட வழியில்லை. இரவு ஒன்பது மணிக்கு, விளக்கு அணையும்போது என்று முடிவு செய்தோம்.

நேற்றுக் கைப்பேசியில் படம் அனுப்பியிருந்தான். அக்ரோபோரா கிளையின் நுனியில் அரிசி மூக்களவுக்குப் புது வளர்ச்சி, வெளிறிய ஊதா. கீழே, “8.4 அண்ணே! போன தடவை 7.9!”

எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேட்டு அனுப்பினேன். பதில் வரக் கொஞ்ச நேரமாயிற்று.

“மத்தியானம். ஆர்வத்துல பாத்துட்டேன்.”