கஞ்சமலைக்கு ஒரு விசிட்!

ஞாயித்துக்கிழமையும் அதே பேக்கரி, அதே டீ, அதே அரட்டைதானா? நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு கஞ்சமலைக்குக் கிளம்புங்க பாஸ். சேலத்துக்குப் பக்கம்தான். இரும்புத்தாதுக்கும் மூலிகைக்கும் பேர்போன மலை. மேல ஏற வனத்துறையைக் கேட்டுக்கணும். சித்தர் கோவில் இருக்கிற அடிவாரமே ஒருநாளைக்குத் தாங்கும்.

ஆவாரஞ்செடி இலையைத் திருப்பிப் பாருங்க, பட்டாம்பூச்சியோட பச்சைப் புழு ஒட்டியிருக்கலாம். ஐப்பசி மழை சமயம்னா வேலியோரம் செங்காந்தள் கண்ணுல படும். நம்ம மாநிலப் பூ! பச்சையும் மஞ்சளுமா விரிஞ்சு, நாளாக ஆகச் செக்கச்செவேல்னு மாறும். இலை நுனியே சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிச்சு ஏறும்.

'மூலிகைதானே, மென்னு பார்ப்போம்'னு கேங்குல ஒருத்தன் கண்டிப்பா கிளம்புவான். கையைப் பிடிச்சு நிறுத்துங்க! செங்காந்தள் முழுக்க விஷம், கிழங்கு இன்னும் மோசம். அதுல இருக்கிற கோல்ச்சிசின், டாக்டர் தர்ற அளவுல மூட்டுவலி மருந்து. மீறினா உயிருக்கே ஆபத்து. அழகா இருக்கேன்னு வீட்டுக்குத் தோண்டிட்டு வந்தா, அடுத்த மழைக்கு அங்கே கொடியே முளைக்காது. போட்டோ போதும்.

பேர் தெரியாத செடியா? ஆடு மேய்க்கிற பாட்டிகிட்ட கேளுங்க. நம்ம பாட்டனி புக்ல லத்தீன் பேர் மட்டும்தானே இருக்கு! அப்புறம், கொண்டுபோன தண்ணி பாட்டிலைத் திருப்பிக் கொண்டாந்துடுங்க.