வண்டிக் கம்பியும் எலிப் பல்லும்

எலி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது ஓட்டை விழுந்த அரிசி மூட்டையும், ஓரம் அரிக்கப்பட்ட புத்தகமுமே. ஆனால் கார், வேன், ஸ்கூட்டர் பழுது பார்க்கும் எந்த எலக்ட்ரீஷியனைக் கேட்டாலும், ஒயரைக் கடித்துப்போட்ட எலியைப் பற்றி ஒரு கதை சொல்வார். அரிசியைத் தின்பதற்குக் காரணம் உண்டு. ருசியும் சத்தும் இல்லாத பிளாஸ்டிக் உறையையும் செம்புக் கம்பியையும் அது ஏன் கடிக்க வேண்டும்? எங்கள் வகுப்பில் எழுந்த இக்கேள்விக்கு நாங்கள் தேடிக் கண்ட விடையை இங்கே எழுதுகிறோம்.

எலி, சுண்டெலி, பெருச்சாளி, அணில் ஆகிய யாவும் கொறிக்கும் பிராணிகள். (மூஞ்சூறு இக்கூட்டத்தில் சேராது. பூச்சிகளைத் தின்று நமக்கு நன்மை செய்யும் அதன்மேல் வீணாகப் பழி போடுகிறார்கள்!) இவற்றுக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உள்ள வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எலியின் பல் தேயாமல் இருந்தால் ஓராண்டில் 10 செ.மீ.க்கு மேல் வளர்ந்துவிடும். அப்படி வளர்ந்தால் வாயை மூட முடியாமல், இரை எடுக்க முடியாமல் அது மடிய நேரிடும். அதன் பல்லின் முன்புறத்தில் மட்டுமே கடினமான எனாமல் உண்டு. அதில் இரும்புச் சத்து கலந்திருப்பதால்தான் எலிப்பல் மஞ்சளாகத் தோன்றுகிறது. பின்புறம் மென்மையானதால் முதலில் தேய்கிறது. முன்புறம் உளிபோல் கூராக நிற்கிறது. செம்பைவிடக் கடினமான இந்த உளிக்கு முன் ஒயர் எம்மாத்திரம்?

இன்னொரு வியப்பும் உண்டு. கொறிக்கும்போது எலி தன் உதடுகளை வெட்டுப்பற்களுக்குப் பின்னால் மூடிக்கொள்ள முடியும். ஆகவே கடித்த துகள் வாய்க்குள் போவதில்லை, வெளியே உதிர்கிறது. எலி புகுந்த வண்டியின் அடியில் பிளாஸ்டிக் துகள் சிதறிக் கிடப்பது இதனால்தான். பசிக்காகத் தின்றிருந்தால் துகள் ஏது?

ஒயர் உறையில் இக்காலத்தில் சோயாவிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பதால்தான் எலி வருகிறது என்று ஒரு பேச்சு உண்டு. 2016-இல் அமெரிக்காவில் கார் உரிமையாளர் சிலர் இதைச் சொல்லி டொயோட்டா நிறுவனத்தின் மீது வழக்கே தொடுத்தார்கள். எங்களுக்கு இது முழு விடையாகத் தோன்றவில்லை. சோயா உறை வருவதற்கு வெகு காலம் முன்பே எலிகள் வீட்டு மின்கம்பியையும், ஏன், ஈயக் குழாயையும்கூடக் கடித்து வந்திருக்கின்றனவே!

உண்மையில் எலி நாடி வருவது ஒயரை அன்று, இடத்தை. ஓடி நின்ற எஞ்சின் வெகு நேரம் கதகதப்பாக இருக்கும். பானட்டுக்குள் ஆந்தை எட்டாது. சுண்டெலி நுழைய ஒரு பென்சில் போகும் துவாரம் போதும். உள்ளே வந்தபின் தேங்காய் நார், காகிதம், சீட்டின் பஞ்சு இவற்றைச் சேர்த்துக் கூடு கட்டுகிறது. வழியில் குறுக்கே நிற்கும் ஒயர் பல்லுக்கு இரையாகிறது. 2020-இல் ஊரடங்கின்போது மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் பலவற்றில் எலி குடியேறியது இப்படித்தான். தினமும் ஓடும் வண்டிக்கும் ஓர் இரவு போதும்.

வீட்டின் 230 வோல்ட் கம்பியைக் கடித்தால் எலியே செத்துப்போகலாம். வண்டியின் பேட்டரி 12 வோல்ட்தான். எலிக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆபத்து வண்டிக்கே. வண்டியின் இரும்பு உடல் பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்திருக்கும். உறை போன ஒயர் அதில் தொட்டால் என்ன ஆகும்? நாம் படித்த ஓம் விதிப்படி கணக்கிடுவோம். அவ்விடத்தில் மின்தடை 0.1 ஓம் என்றால், 12-ஐ 0.1-ஆல் வகுக்க 120 ஆம்பியர்! ஃபியூஸ் உருகி மின்சாரத்தைத் துண்டித்தால் நல்லது. ஆனால் பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த கம்பிக்குப் பல வண்டிகளில் ஃபியூஸ் கிடையாது. கம்பி பழுக்கும், பக்கத்தில் காய்ந்த நார்க்கூடு. தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

சத்தமில்லாத ஆபத்தை நாங்கள் இன்னும் அஞ்சுகிறோம். எங்கள் தோழியர் வரும் வேன் ஒன்றில் பிரேக் விளக்குக்குப் போகும் ஒயர் துண்டாகியிருந்தது. வேன் வழக்கம்போல் ஓடியது, பிரேக்கும் பிடித்தது. பின்னால் வரும் லாரிக்காரருக்கு மட்டும் வேன் நிற்கப்போவது தெரியாது. உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள். வேறு வேனின் டிரைவர் ஒருவர் பின்னால் வந்து கண்டு சொன்னதால் தெரிந்தது. பழுது பார்த்த அன்று வேன் ஓடவில்லை. டிரைவர் அண்ணனுக்கு ஒரு நாள் கூலியும் போயிற்று.

இத்தொல்லை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் செக்கோயா தேசியப் பூங்காவில் மினரல் கிங் என்னும் மலைப் பள்ளத்தாக்கு உண்டு. அங்கே அணில் குடும்பத்தைச் சேர்ந்த மார்மட் என்னும் பிராணி, பூனையளவு இருப்பது, நிறுத்திவைத்த கார்களின் ஒயரையும் ரப்பர்க் குழாயையும் கடித்துவிடும். ஆகவே அங்கு மலையேறச் செல்வோர் தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன்மேல் காரை ஏற்றி, பொட்டலம்போல் சுற்றிக் கட்டிவிட்டுப் போகிறார்கள்!

நம் ஊரில் சிலர் புகையிலையை எஞ்சினருகே வைக்கிறார்கள். எஞ்சின் சூட்டில் அதன் நெடி சில நாளில் போய்விடும். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரச் சத்தான காப்சைசின் சேர்த்த நாடாவை ஒயரின்மேல் சுற்ற விற்கிறது, இது பரவாயில்லை. விஷம் வைப்பதை நாங்கள் விரும்பவில்லை. செத்த எலி எஞ்சினுக்குள் கிடந்து நாறும்; அதைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சாகும்; மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை மனிதரின் ஈரலையே கெடுக்கும், அதற்கு முறிமருந்து கிடையாது.

பெரு நாட்டின் லீமா நகரில் வாழ்ந்த புனித மார்ட்டின் தே போரஸ் (1579–1639) எலிகளோடு பேசியதாக ஒரு மரபுக் கதை உண்டு. மடத்துத் துணிகளை எலிகள் கடித்தபோது, அவற்றைக் கொல்லாமல், "தோட்டத்திற்குப் போங்கள், அங்கே உணவு தருகிறேன்" என்றாராம். அவர் படத்தில் காலடியில் எலிகள் இருப்பது அதனால்தான். உணவு எங்கேயோ எலியும் அங்கே என்பதை அவர் நன்கு அறிந்திருக்கிறார். வேனில் சிந்திய முறுக்குத் துண்டும் பிஸ்கட் தூளும் நாம் வைக்கும் விருந்தே. வண்டியைக் குப்பைத் தொட்டிக்கும் மாட்டுத் தீவன மூட்டைக்கும் அருகில் நிறுத்தக் கூடாது. இரவில் பானட்டைத் திறந்து வைத்தால் எலிக்கு இருட்டும் கதகதப்பும் கிட்டாது. எங்கள் டிரைவர் அண்ணன் இப்போது அப்படியே செய்கிறார். காலையில் சாவி போடுமுன் பிரேக் விளக்கையும் பார்த்துக்கொள்கிறார்.

கூடு இருந்தால் வெறுங்கையால் எடுக்கலாகாது. எலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, கையுறை அணிந்து, கூட்டைக் கிருமிநாசினியால் நனைத்து எடுத்து, அவ்விடத்தைத் துடைக்க வேண்டும். அந்த வாடை போகாவிட்டால், புது ஒயர் போட்ட மறுநாளே வேறோர் எலி அதே வழியில் வந்து சேரும்.