ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு நாய்க்குட்டி!

நாய்க்குட்டியைப் பகலில்தான் எல்லோரும் தூக்கி வருகிறார்கள். பகலில் அது வாலை ஆட்டும், ஷூ லேஸைக் கடிக்கும், மடியில் சுருண்டு தூங்கும். 'அடடா, என்ன சமத்து!' என்று பேர்கூட வைத்துவிடுவோம். ராத்திரி லைட்டை அணைத்துப் பாருங்கள். அப்புறம்தான் கச்சேரி!

அதிலும் கரியாலூர் மாதிரி ஊரில் கேட்கவே வேண்டாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் தாண்டி, மலையேறி வரும் பஸ் சத்தம் நின்றுவிட்டால் ஊரே கப்சிப். கொசு ரெக்கை அடித்தாலே கேட்கும். இந்த நிசப்தத்தில் இரண்டு மாதக் குட்டி ஒன்று 'ஊ...' என்று ஆரம்பித்தால், தெருக்கோடி வரை இலவச ஒலிபரப்பு.

என் குட்டியின் பெயர் கடுக்காய். கல்வராயன் மலையில் கடுக்காய் பிரசித்தம். குட்டியின் நிறமும் கிட்டத்தட்ட அதுவே. மரவள்ளிக் கொல்லைக்குக் காவல் இருந்த நாய் போட்ட குட்டிகளில் ஒன்று. கொடுத்த பெரியவர் ஒரு கிழிந்த சாக்கையும் சுருட்டி நீட்டினார். "இதையும் எடுத்துக்கிட்டுப் போ தம்பி. தாய் படுத்த சாக்கு. வாசனை இருந்தா அடங்கிக் கெடக்கும்."

பெரிய டாக்டர்கள் சொல்வதும் இதைத்தான். குட்டி அழுவது பிடிவாதத்தால் இல்லை சார். பிறந்த நாளிலிருந்து அது ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்ததில்லை. ஒரு பக்கம் அம்மாவின் வயிற்றுச் சூடு, மறுபக்கம் அண்ணன் தம்பிகளின் முதுகு. திடீரென்று எல்லாம் காணோம். சிமென்ட் தரை, பினாயில் வாசனை. நாமாக இருந்தால் அழ மாட்டோமா? ஹாஸ்டலில் முதல் ராத்திரி தலையணையை நனைத்தவர்கள் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லட்டும்!

எங்கள் ஆபீஸில் ஒரு தத்துவஞானி இருக்கிறார். "சமையல் ரூம்ல போட்டுக் கதவைச் சாத்துங்க. நாலு நாள் கத்தும், அப்புறம் தானா அடங்கிடும்" என்றார். அடங்கும்தான். பயம் தீர்ந்து அல்ல, தொண்டை வறண்டு! அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு பேர் வருஷக்கணக்கில் நாய்க்குட்டிகளோடு மெனக்கெட்டு 1965-ல் ஒரு புத்தகம் போட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகும் காலம் என்பது அவர்கள் கண்டது. நாம் வீட்டுக்குத் தூக்கி வருவது சரியாக அதன் நடுவில். அந்த நேரத்தில் இருட்டு என்றால் பயம், தனிமை என்றால் பயம் என்று பழக்கிவிட்டு, பிறகு 'காவல் காக்கலியே' என்றால் எப்படி? (எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது. பால்குடி மறக்காததை விலை பேசாதீர்கள்.)

நான் செய்தது இவ்வளவுதான். டீக்கடையில் பிஸ்கெட் அட்டைப்பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே அந்தச் சாக்கு. மலைக்குளிருக்குப் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், மேலே என் பழைய பனியன் சுற்றி. பெட்டியை என் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். முனகினால் கையை மட்டும் உள்ளே விடுவேன். விரலைக் கொஞ்சம் கடிக்கும், மோப்பம் பிடிக்கும், தூங்கிவிடும். கடிகாரத்தைத் துணியில் சுற்றி வைத்தால் 'டிக் டிக்' தாயின் நெஞ்சுத்துடிப்பு போலக் கேட்கும் என்பார்கள். எனக்கென்னவோ இதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. கையே போதும்.

படுக்குமுன் பசும்பால் ஊற்றாதீர்கள். பல குட்டிகளுக்கு அது வயிற்றைக் கலக்கும். விடிவதற்குள் உங்கள் நிலைமை சந்தி சிரிக்கும். ஏழு, எட்டு மணிக்குள் சாப்பாடு, பத்து மணிக்கு வெளியே ஒரு நடை. இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ஆகவே ஒரு மணிக்கு அலாரம். டார்ச்சோடு போய், காரியம் முடிந்ததும் பேசாமல் திரும்பிவிட வேண்டும். அங்கே நின்று கொஞ்சினால், 'ஓகோ, ஒரு மணிக்கு விளையாட்டு நேரம்' என்று குறித்துக்கொண்டுவிடும்!

இரண்டாம் நாள் காலையில் வீட்டுக்கார அம்மா வந்தார். "நாய்க்குட்டி கொண்டாந்தீங்களா, நரிக்குட்டியா?" பத்து நாள் டைம் கேட்டேன். இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூன்றாம் ராத்திரி தாங்காமல், நாலாம் நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் இறக்கி விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அது நாய்க்குட்டிக்குக் கிட்டத்தட்ட மரண தண்டனை. தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ல் சுப்ரீம் கோர்ட், தெருநாயைத் தத்தெடுக்க வழிவிட்டபோதே, எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்ப்பது எடுத்தவர் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது. அந்தப் பொறுப்பின் முதல் பரீட்சை இந்த நாலைந்து ராத்திரிகள்தான்.

ஐந்தாம் நாளிலிருந்து பெட்டியைத் தினம் ஒரு முழம் தள்ளி வைத்தேன். முனகல் குறைந்தது. பத்தாம் நாள் பெட்டி வாசற்கதவு ஓரம் போய்விட்டது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லவில்லை; மீன் தலை மட்டும் வந்தது. முள்ளை எடுத்துவிட்டுத்தான் போட்டேன்.

ஒரு விஷயம். விளையாட்டாகக் குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால் சும்மா விடாதீர்கள். குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். கடுக்காய்க்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறேன்.