வாசித்தான், கிரகித்தானா?

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, சங்க இலக்கியத்திலோ திருமுறையிலோ ஒரு பொருளை எடுத்து எழுதுவேன் என்றே அன்பர் பலரும் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் ஒருவனிடம் அங்ஙனம் எதிர்பார்த்தல் முறையே. ஆயினும், ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே நெடுங்காலமாகச் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, அவற்றினும் முந்தியதொரு பொருளே நெஞ்சில் நிற்கின்றது. திருமுறையாயினும் சங்கப் பாட்டாயினும், படித்துப் பொருளுணரத் தெரிந்தவனுக்கன்றோ பயன்படும்? அந்தப் பொருளுணர்வு தரம் 3இலும் 4இலும் எவ்வாறு கைகூடுகின்றது, எவ்வாறு தவறிப்போகின்றது என்பதே ஈண்டு நான் எடுத்துக்கொண்ட விடயம்.

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பிரித்தமை நாம் அனைவரும் படித்ததே. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னமும், வயிறார மேய்ந்து பின்னர் அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. உழவனின் உழைப்புக்கேற்ப விளைவு தரும் மண்ணும், சொன்னதைச் சொல்லும் கிளியும் இடைமாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடைமாணாக்கர்க்கு. ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி முடித்து வெளிவந்த புதிதில் இந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வகுப்பிற் புகுந்த முதல் வாரத்திலேயே, யார் அன்னம், யார் ஓட்டைக்குடம் என்று மனத்துக்குள் தீர்ப்பெழுதி, அதற்கேற்பப் பிள்ளைகளை முன்வாங்கிலும் பின்வாங்கிலும் இருத்தியும்விட்டேன். அத்தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதைத் தரம் 4இல் இருந்த இரு பிள்ளைகள் எனக்குக் கற்பித்தனர்.

ஒருநாள் வாசிப்புக்காகச் சிறு பந்தியொன்றைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். அவ்வாண்டு மழை பொய்த்தது, வாய்க்கால் வறண்டது, கந்தன் தன் வயலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான் என்பது அதன் சாரம். முன்வாங்கிலிருந்த சிறுவன் எழுந்து, ஓரெழுத்தும் பிசகாமல், கணீரென்று வாசித்தான். மகிழ்ந்துபோய், “கந்தன் ஏன் பெருமூச்சு விட்டான்?” என்று வினவினேன். “தன் வயலைப் பார்த்து” என்றான். “மழை பொய்த்தது என்றால் என்ன?” என்றேன். “மழை பொய் சொன்னிச்சு, சேர்” என்றான். வகுப்புச் சிரித்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் சிரித்தேன்.

பின்வாங்கிலிருந்த சிறுமியோ ‘வாய்க்கால்’ என்ற சொல்லிலேயே இடறி நின்றுவிட்டாள். “சரி, இரு” என்று அவளை இருத்திவிட்டு அப்பாற் சென்றேன். அன்று இடைவேளையில் மழை கொட்டியது. வெளியே செல்ல முடியாத பிள்ளைகளுக்கு அதே பந்தியைக் கதைபோல வாய்மொழியாகச் சொன்னேன். அப்பொழுது அச்சிறுமி, கேளாமலே சொன்னாள்: “தண்ணி இல்லாம எல்லாம் காஞ்சி போயிருக்கும், சேர். எங்க அம்மாயியும் லீக்ஸ் பாத்திய பாத்துக்கிட்டு அப்பிடித்தான் இருந்திச்சி.” லயத்தின் பின்னால் மரக்கறித் தோட்டம் வைத்திருக்கும் பாட்டியின் பேத்தி அவள். கந்தனின் பெருமூச்சு அவளுக்கு அகராதி பார்க்காமலே விளங்கிற்று.

தவணைப் பரீட்சையில் கிரகித்தல் வினாவுக்கு அவ்விருவரும் பெற்ற புள்ளி ஒன்றே: பூச்சியம். நான் அன்னம் என்று எண்ணியவன் கிளியாக இருந்தான். ஓட்டைக்குடம் என்று ஒதுக்கியவள் நல்ல மண்ணாக இருந்தாள். இருவர்க்கும் புள்ளி ஒன்றாயினும் நோய் ஒன்றன்று. ஆகவே மருந்தும் ஒன்றாக இயலாது. இக்கட்டுரை சொல்ல வந்த செய்தி இவ்வளவே. எஞ்சியவை இதன் விளக்கம்.

கோ, டன்மர் என்ற இரு அறிஞர்கள் 1986ஆம் ஆண்டில் இவ்வுண்மையை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினர். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று. சொல்லப்படும் மொழியைக் கேட்டு விளங்கும் திறன் மற்றொன்று. வாசித்துக் கிரகித்தல் இவ்விரண்டின் கூட்டுத்தொகை அன்று, பெருக்குத்தொகை என்பது அவர் கொள்கை. கூட்டலில் ஒன்று குறையினும் மற்றையது ஓரளவு ஈடு செய்யும். பெருக்கலிலோ ஒன்று பூச்சியமாயின் விடையும் பூச்சியமே. அச்சிறுவனிடத்தும் சிறுமியிடத்தும் நிகழ்ந்தது இதுதான். 1988இல் அமெரிக்க மாணவரிடையே ரெக்ட், லெஸ்லி என்போர் நடத்திய ஆய்வொன்றும் இங்கு நினைக்கத்தக்கது. பேஸ்போல் ஆட்டம் பற்றிய பகுதியொன்றை வாசித்தவருள், வாசிப்பில் வல்லவராயும் ஆட்டம் அறியாதவராயும் இருந்தோரைவிட, வாசிப்பில் மெலிந்தவராயினும் ஆட்டம் அறிந்தோரே மேலாக விளங்கிக்கொண்டனர். லீக்ஸ் பாத்தியை அறிந்த பேத்தியும் அத்தகையளே.

மலைநாட்டு வகுப்பொன்றில் இத்தகைய வேற்றுமை மிகுந்து காணப்படுவதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி செய்யவேண்டுமென 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் கூறிற்று. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் தோட்ட நிர்வாகத்தின்மேல் அக்கடமையைச் சுமத்திற்று. ஆயினும், ஒரே அறை, ஒரே ஆசிரியர் என்ற நிலையே பல தோட்டங்களில் நெடுங்காலம் நீடித்தது. நாட்டின் ஏனைய பிள்ளைகளுக்கு 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின்னர், 1970களின் பிற்பகுதியிலிருந்தே அப்பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. ஆகவே, இன்று ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் இருவருள் ஒருவன் வீட்டில் தாத்தாவும் பத்திரிகை படித்தவராயிருக்கலாம். மற்றவன் வீட்டில் எழுத்தைக் கையில் எடுத்த முதல் ஆள் அவனே ஆகலாம். தாய் விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு ஓடுகின்றாள். மேற்பிரிவிலிருந்து நடந்துவரும் பிள்ளை, அடைமழை நாளில் வாராமலும் போகின்றது. இவற்றையெல்லாம் ‘மந்தபுத்தி’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுதல் அறமன்று.

எனின், ஆசிரியன் செய்யத்தக்கது யாது? முதலாவது, எந்தக் கதவு மூடியிருக்கின்றது என்று காணல். இதற்குப் பெரிய பரீட்சை வேண்டியதில்லை. இந்தியாவில் 2005 முதல் நடத்தப்பட்டுவரும் ‘அசர்’ என்ற மதிப்பீட்டில், பிள்ளை எழுத்தை வாசிக்கின்றதா, சொல்லை வாசிக்கின்றதா, எளிய பந்தியை வாசிக்கின்றதா, சிறு கதையை வாசிக்கின்றதா என்று படிப்படியாகப் பார்ப்பர். பிள்ளை ஒவ்வொன்றையும் அருகிருத்திச் சில நிமிடம் கேட்டாற் போதும். அதனோடு இரண்டாவது சோதனையொன்றையும் நான் சேர்த்துக்கொண்டேன்: அதே தரத்துக் கதையொன்றை நானே வாசித்துக் காட்டி, வாய்மொழியாக வினவுதல். முதற் சோதனை எழுத்தறிவைக் காட்டும். இரண்டாவது மொழியறிவைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, என் பின்வாங்கிலிருந்தோர் எல்லாரும் ஒரே கூட்டத்தார் அல்லர் என்பது வெளிப்பட்டது.

எழுத்துக் கதவு மூடியவர்க்கு நாள்தோறும் சிறிதுநேரம், தரத்தைப் பாராது நிலையைப் பார்த்துக் கற்பித்தல் வேண்டும். 1995இல் மும்பாயில் தொடங்கிய ‘பிரதம்’ நிறுவனம் பரப்பிய முறை இதுவே. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைபிரிக்கின்றது. அழகிய பெயர்கள்! அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்ற நம்பிக்கை அப்பெயர்களிலேயே உண்டு; ஓட்டைக்குடத்துக்கு அந்நம்பிக்கை இல்லை. ணகர னகரமும், லகர ளகர ழகரமும் மயங்கும் பிள்ளைக்கு, அவ்வெழுத்துகள் வரும் சொற்களைத் தன் வாழ்விலிருந்தே எடுத்துக் கொடுத்தல் நன்று. கொழுந்து, பள்ளம், மலை ஆகிய மூன்று சொற்களும் அப்பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருப்பவை, கண்ணுக்குத்தான் புதியவை.

மொழிக் கதவு மூடியவர்க்கு வேண்டுவது வேறு. எங்கள் பிள்ளைகளுக்கு ‘மலை’ என்பது தேயிலை நிரை. அம்மா மலைக்குப் போயிருக்கின்றாள் என்றால் கொழுந்து பறிக்கப் போயிருக்கின்றாள் என்பது பொருள். பாடநூலில் யாத்திரிகர் மலையில் ஏறினர் என்று வந்தபோது, “அவங்க எத்தன கிலோ எடுத்தாங்க, சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்டது. பிழை பிள்ளையிடம் இல்லை. சொல்லுக்கு இரு வீடுகள் உண்டு என்பதை வாசிக்குமுன் நான் சொல்லவில்லை. ஆதலால், பந்தியைத் திறக்குமுன் அதிலுள்ள நான்கைந்து சொற்களைப் பேசிப் பழகவிடுகின்றேன். கற்பாறை என்பதைக் கல் எனவும் பாறை எனவும் பிரித்துக் காட்டுகின்றேன்.

வாக்கியத்திலும் இவ்வாறே. ‘நாயைக் கண்ட சிறுத்தை ஓடியது’, ‘நாய் கண்ட சிறுத்தை ஓடியது’ என்ற இரண்டையும் கரும்பலகையில் எழுதி, யார் யாரைக் கண்டார் என்று கேட்டேன். உரத்து வாசிப்பதில் வல்ல நம் சிறுவனுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றின. இரண்டாம் வேற்றுமை உருபை விளக்கியும் பயன் இல்லை. பின்னர் ஒருவனை நாயாகவும் ஒருத்தியைச் சிறுத்தையாகவும் நிறுத்தி, வாக்கியத்தை நடித்துக் காட்டச் சொன்னேன். சிறுத்தை உலாவும் தேயிலைச் சரிவுகளில் வாழும் பிள்ளைகள் அல்லரோ! யார் முதலிற் கண்டது என்பது அவர்களுக்கு விளையாட்டான செய்தியன்று. அன்று ஐகாரம் செய்யும் வேலையை வகுப்பு முழுவதும் கண்டுகொண்டது.

இவ்விரு கதவுகளும் திறந்தபின் எஞ்சுவது சிந்தனைக் கதவு. வினாக் கேட்டுப் புள்ளியிடுவதையே கற்பித்தல் என்று நாம் எண்ணிவிடுகின்றோம். அமெரிக்க வகுப்பறைகளில் அமர்ந்து பார்த்த டொலோரஸ் டர்கின் என்ற அம்மையார், விளங்கிக்கொள்ளும் வழியைக் கற்பிப்பதில் ஆசிரியர்கள் செலவிட்ட நேரம் மிகமிகக் குறைவு, வினவிச் சோதிப்பதிலேயே காலம் கழிகின்றது என 1978–79இல் எழுதினார். அதைப் படித்தபோது என் வகுப்பையே அவர் பார்த்துவிட்டாரோ என்றிருந்தது. 1984இல் பலின்சர், பிரவுன் என்ற இருவர் வேறு வழி காட்டினர். பிள்ளைகள் சிறு குழுவாக இருந்து, அடுத்து என்ன வரும் என்று ஊகித்தல், தாமே வினா எழுப்புதல், விளங்காததைத் தெளிதல், படித்ததைச் சுருக்கிக் கூறல் ஆகிய நான்கையும் முறைவைத்துச் செய்தல் அவ்வழி. ஆசிரியர் முதலிற் செய்துகாட்டி, பின்னர் மெல்ல விலகிக்கொள்வார். ஒத்தாரோடு கூடிப் பயில்க, வினாவுக, வினாவியவற்றுக்கு விடை கூறுக என்று நன்னூலும் மாணாக்கனுக்கு விதித்திருப்பதை அன்பர்கள் அறிவர். மாணாக்கரைத் தரம்பிரித்த சூத்திரத்தைப் பிடித்துக்கொண்ட நான், கற்கும் வழியைச் சொன்ன சூத்திரத்தை மறந்திருந்தேன்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. நிலைபிரித்த குழுக்கள் நிலைத்துவிட்டால் அவை வகுப்புக்குள் புதிய சாதிகளாகிவிடும். ஆதலால், எழுத்துப் பயிற்சிக்கு மட்டுமே நிலைக்குழு; பந்தியைப் பற்றிப் பேசுவதற்குக் கலப்புக் குழு. பந்தி எல்லார்க்கும் ஒன்றே, வினாக்களே மூவகை. வரியிலேயே விடையுள்ள வினா, வரிகளைச் சேர்த்துப் பார்த்து விடை காணும் வினா, தன் அனுபவத்தோடு சேர்த்து விடை காணும் வினா என்பன அவை. சில வாரங்களுக்கொருமுறை மீண்டும் கேட்டுப் பார்த்து, முன்னேறிய பிள்ளையை அடுத்த நிலைக்கு மாற்றுவதும் இன்றியமையாதது.

அவ்விருவரையும் ஒரு குழுவில் இருத்தினேன். அவன் வாசித்தான், அவள் ஏன் என்று கேட்டாள். ஏன் என்று கேட்கப் பழகாத அவன் முதலிற் கோபித்தான். பின்னர் அவள் கேட்குமுன் தானே கேட்கத் தலைப்பட்டான். அவன் விரல் சென்ற வரியின்மேல் தன் கண்ணையும் செலுத்திய அவள், மூன்றாந் தவணை முடிவில் எளிய கதையொன்றைத் தானே வாசித்தாள். மெதுவாகத்தான், இரண்டு இடங்களில் நின்றுதான். எனினும் முடித்தபின் நிமிர்ந்து பார்த்தாளே, அப்பார்வைக்கு ஈடான பரிசு எனக்குப் பின்னர் எதுவும் கிட்டியதில்லை. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் இருவரும் சித்தியெய்தவில்லை. ஆயினும் இருவரும் பாடசாலையை விட்டு நீங்கவில்லை. வாசிக்கவியலாத பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே கொழும்புக் கடையொன்றுக்குப் போய்விடுவதைக் கண்டவர்க்கு, இது சிறிய செய்தியன்று.

நன்னூல் மாணாக்கரை மட்டும் பிரித்து நிற்கவில்லை. ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று முடத்தெங்கு: ஒருவர் நீர்வார்க்க வளர்ந்து, வளைந்துபோய், அடுத்த முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை. வகுப்பு முழுவதும் காத்திருக்க, முன்வாங்குக்கு மட்டும் பயன்பட்ட நான் அக்காலத்தில் அத்தென்னையாகவே இருந்தேன்.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடசாலைகளுக்குக் கிண்ணமும் கேடயமும் வழங்குவதோடு, பெரிய எழுத்தில், பக்கத்துக்கு நாலு வரியாக அமைந்த சிறு கதைநூல்களையும் ஆரம்ப வகுப்புகளுக்கு அனுப்புங்கள். இன்றைய மாணவர்களே, வீட்டிலுள்ள தம்பியோ தங்கையோ உங்கள் முன் வாசிக்கும்போது, “நன்று” என்று சொல்லி எழுந்துவிடாதீர்கள், “ஏன்?” என்று ஒரு முறை கேளுங்கள். விடை வாராவிட்டால் சிரியாதீர்கள். எந்தக் கதவு மூடியிருக்கின்றது என்று அருகிருந்து பாருங்கள்.