கொதிக்கும் குழாய்க்குக் கண்ணாடிச் சட்டை

1961இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் காரின் எஞ்சின் மூடியைத் திறந்தால், புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்புக் குழாய்கள் கறுப்பாகப் பளபளப்பதைக் காணலாம். அது பெயிண்ட் அன்று, எனாமல். அதாவது, சுமார் 800 டிகிரி செல்சியசில் இரும்பின் மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடி!

கண்ணாடி வெடிக்காதா என்று நீங்கள் கேட்பது நியாயமே. அரை மீட்டர் நீள வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடேறினால் 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஆகவே, இரும்பைவிடச் சற்றே குறைவாக விரியும்படி எனாமலைத் தயாரிக்கிறார்கள். சூளையிலிருந்து எடுத்து ஆறவிடும்போது இரும்பு கூடுதலாகச் சுருங்கி எனாமலை இறுக்குகிறது. கண்ணாடியோ இழுத்தால் உடையும், அழுத்தினால் தாங்கும். குழாய் மீண்டும் சூடேறும்போது அந்த இறுக்கம் தளரும்; அவ்வளவுதான். சூட்டோடு தண்ணீர் பட்டால் மட்டும் மேற்பரப்பு திடீரெனச் சுருங்கித் தெறிக்கும்.

பழைய குழாய்க்கு மறுபடி எனாமல் பூசுவது எளிதல்ல. அதில் ஊறிய எண்ணெயும் கரியும் சூளையில் வாயுவாகிக் குமிழிடும். சாதாரணப் பெயிண்டோ, அதன் பிசின் கருகி உதிர்ந்துவிடும். அசல் தோற்றம் வேண்டாதவருக்கு ஏறத்தாழ 600 டிகிரி தாங்கும் சிலிக்கோன் பெயிண்டே போதும் என்பேன். பூசியபின் எஞ்சினை முதன்முறை மெல்லமெல்லச் சூடாக்குங்கள். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் கரைப்பான் கொதித்துப் பூச்சைக் கிளப்பிவிடும்.