எலும்புக்கூட்டுப் படம் சொல்லும் இரண்டு கதைகள்

மனித எலும்பு மண்டலப் பாடத்திற்காக எலும்புக்கூட்டுப் படத்தைச் சுவரில் மாட்டியதும் வகுப்பில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிலர் சிரிப்பார்கள். ஓரிருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். "பேய் டீச்சர்!" என்று ஒரு குரல் வரும். ஆனால், இடைவேளையில் அதே குழந்தைகள்தான் அந்தப் படத்தின் முன்னால் கூட்டமாக நிற்பார்கள். பயமும் ஆர்வமும் ஒருசேர இழுக்கும் இடம் அது.

எனக்கும் அந்த ஈர்ப்பு உண்டு. பழைய உடற்கூறு ஓவியங்கள், மெழுகில் செய்த உடல் மாதிரிகள், அருங்காட்சியகங்களில் உள்ள எலும்புக்கூடுகள் ஆகியவற்றைப் பற்றித் தேடிப் படிப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நாம் சுவரில் மாட்டும் படத்திற்குப் பின்னால் இரண்டு கதைகள் இருக்கின்றன. ஒன்று, மனிதர் தம் கண்ணால் பார்க்கக் கற்றுக்கொண்ட கதை. மற்றொன்று, அப்படிப் பார்க்கப்பட்ட உடல் யாருடையது என்ற கதை. முதல் கதையைப் பாடநூல் ஓரளவு சொல்கிறது. இரண்டாவதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நாற்காலியிலிருந்து இறங்கிய ஆசிரியர்

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் உடற்கூறியல் வகுப்பு வேடிக்கையாக இருக்கும். பேராசிரியர் உயரமான நாற்காலியில் அமர்ந்து பழைய நூலை வாசிப்பார். கீழே வேறொருவர் உடலை அறுத்துக் காட்டுவார். நூலில் உள்ளதும் உடலில் உள்ளதும் வேறாக இருந்தால் நூலே சரி என்று கொள்ளப்பட்டது. அந்த நூல்களுக்கு மூலவர், ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கேலன் என்ற மருத்துவர். அவர் அறுத்து ஆராய்ந்தவை பெரும்பாலும் குரங்கு, பன்றி போன்ற விலங்குகளே.

1537இல் இத்தாலியின் படுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்த ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் அந்த நாற்காலியிலிருந்து இறங்கினார். கத்தியைத் தாமே எடுத்தார். மனிதரின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று கேலன் எழுதியிருந்தார். அது ஒரே எலும்பு என்று வெசாலியஸ் காட்டினார். மார்பெலும்பு ஏழு பகுதிகளால் ஆனது என்ற கருத்தையும் திருத்தினார்.

1543இல், தம் 28ஆம் வயதில், மனித உடலின் அமைப்பைப் பற்றிய பெரும் நூலை பாசெல் நகரில் வெளியிட்டார். 200க்கும் மேற்பட்ட மரச்செதுக்குப் படங்கள் அதில் உள்ளன. தோல் உரிக்கப்பட்ட தசை மனிதர்கள், மலையும் ஊரும் தெரியும் வெளியில் நிமிர்ந்து நிற்கிறார்கள். ஓர் எலும்புக்கூடு, மேடைமேல் உள்ள மண்டையோட்டில் கைவைத்து ஆழ்ந்து யோசிக்கிறது. படம் அச்சமூட்டுகிறது, அதே நேரம் அழகாகவும் இருக்கிறது. அதனால்தான் கண் அதை விட்டு நகர மறுக்கிறது.

மெழுகில் பாடம் நடத்திய பெண்

உடல் அழுகிவிடும். பாடம் நடத்த நிலையான மாதிரி வேண்டும். அதற்கு 18ஆம் நூற்றாண்டு இத்தாலி கண்ட வழி மெழுகு. பொலோனா நகரில் வாழ்ந்த அன்னா மொராண்டி மன்சொலினி (1714–1774) தம் கணவருடன் சேர்ந்து உடல்களை அறுத்து ஆராய்ந்து, பார்த்ததை மெழுகில் வடித்தார். கணவர் இறந்த பிறகும் தொடர்ந்து கற்பித்தார். தம் உருவத்தையும் அவர் மெழுகில் செய்தார்: நல்ல உடையும் அணிகலன்களும் அணிந்த பெண், மனித மூளையை ஆராயும் கோலத்தில் அமர்ந்திருக்கிறார். பெண்கள் பல்கலைக்கழகத்தில் நுழைவதே அரிதாக இருந்த காலம் அது. நம் மாணவிகளுக்கு இந்தப் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

புளோரன்ஸ் நகரின் லா ஸ்பெகோலா அருங்காட்சியகம் 1775இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கு முத்துமாலை அணிந்து படுத்திருக்கும் மெழுகுப் பெண்ணின் வயிற்றுப் பகுதியைத் திறந்து, உள்ளுறுப்புகளை அடுக்கடுக்காக எடுத்துப் பார்க்கலாம். ஆனால், ஒரு மெழுகு உருவத்தைச் செய்து முடிக்கப் பல உடல்கள் தேவைப்பட்டன. அவை நகரின் மருத்துவமனையிலிருந்து வந்தன.

யாருடைய உடல்?

இங்கேதான் இரண்டாவது கதை தொடங்குகிறது. வெசாலியஸ் ஆராய்ந்த உடல்களில் பல, மரண தண்டனை பெற்றவர்களுடையவை. 1543இல் பாசெலில் அவர் இணைத்து நிறுத்திய ஒரு குற்றவாளியின் எலும்புக்கூடு இன்றும் அந்நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாணவப் பருவத்தில் தூக்குமரத்திலிருந்து எலும்புகளைத் திருடி வந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

1783இல் லண்டனில் சார்லஸ் பைர்ன் என்ற அயர்லாந்து இளைஞர் 22 வயதில் இறந்தார். உயரம் சுமார் 7 அடி 7 அங்குலம். தம் உயரத்தைக் காட்டிப் பிழைத்தவர். மருத்துவர்கள் தம் உடலுக்குக் காத்திருப்பதை அறிந்து, தம்மைக் கடலில் அடக்கம் செய்யும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். ஆனால், அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் பணம் கொடுத்து உடலைப் பெற்றுவிட்டார். 1909இல் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருந்ததற்கான அடையாளம் தெரிந்தது. அறிவியலுக்கு அது பயன்தான். ஆனாலும், அந்த இளைஞரின் கடைசி விருப்பம் 200 ஆண்டுகளுக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றது. 2023இல் ஹன்டேரியன் அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோதுதான் எலும்புக்கூடு காட்சியிலிருந்து அகற்றப்பட்டது.

1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று உடல்களை உடற்கூறியல் பள்ளிக்கு விற்றனர். அதன்பின் 1832இல் பிரிட்டன் இயற்றிய சட்டம், கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்கு அளிக்க வழிசெய்தது. குற்றவாளியின் இடத்திற்கு ஏழை வந்தார்.

நம் நாடும் இதற்கு வெளியே இல்லை. உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் தொங்கிய எலும்புக்கூடுகள் இந்தியாவிலிருந்து போனவை. 1985இல்தான் மத்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்த எலும்புகளுக்கு உரியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

முதலில், படத்தை மாட்டும் முன் குழந்தைகள் தங்கள் உடலைத் தாங்களே தொட்டுப் பார்க்கட்டும். கீழ்த்தாடை ஓர் எலும்பா, இரண்டா? ஒரு காதின் அருகிலிருந்து மறு காதுவரை விரலால் தடவிச் சொல்லட்டும்.

இரண்டாவதாக, ஆணுக்கு ஒரு விலா எலும்பு குறைவு என்ற பேச்சைச் சில குழந்தைகள் கேட்டிருப்பார்கள். இருபாலருக்கும் பொதுவாக 12 இணைகளே என்பதை வெசாலியஸ் எடுத்துக் காட்டினார். "பெரியவர்கள் சொன்னாலும் எண்ணிப் பார்" என்ற பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

மூன்றாவதாக, தம் இடது கையைப் பார்த்து, உள்ளே எலும்புகள் எப்படி இருக்கும் என்று ஊகித்து வரையச் சொல்லலாம். பிறகு பாடநூல் படத்துடன் ஒப்பிடட்டும். தவறாக வரைந்த இடம்தான் நன்றாக நினைவில் நிற்கும்.

நான்காவதாக, உயர்நிலை வகுப்புகளில் பைர்ன் கதையைச் சொல்லி, "அறிவுக்காக ஒருவரின் விருப்பத்தை மீறலாமா?" என்று விவாதிக்கச் செய்யலாம். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்த குழந்தை இருந்தால், இந்த விவாதத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

அந்த விவாதம் இயல்பாகவே உடல் தானத்திற்கு வந்து சேரும். இன்று பலர் உயிரோடு இருக்கும்போதே தம் விருப்பத்தை எழுதிக் கொடுக்கிறார்கள். பல மருத்துவக் கல்லூரிகளில் முதலாம் ஆண்டு மாணவர்கள் அந்த உடலைத் தங்கள் முதல் ஆசிரியர் என்று வணங்கி, மரியாதையோடு நடத்துவோம் என உறுதிமொழி எடுத்த பிறகே கற்கத் தொடங்குகிறார்கள். அடுத்த முறை "பேய் டீச்சர்!" என்ற குரல் எழும்போது, "இல்லை கண்ணு, அவர் நமக்குப் பாடம் சொல்ல வந்தவர்" என்று தொடங்கிப் பாருங்கள். வகுப்பு அமைதியாகும், கேள்விகள் வரத் தொடங்கும்.